உப்பு பூக்கும் சுவரில் வசந்தம்

பிப்ரவரி மாதக் கடைசியில் ஒரு திங்கட்கிழமை காலை, தலைமையாசிரியை தன் கைபேசியை என் பக்கம் நீட்டினார்.

"இத பாரு. ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்ல வந்திருக்கு. சின்ன வகுப்புச் சுவரெல்லாம் வசந்த காலம் மாதிரி அலங்காரம் பண்ணணுமாம். பத்து நாளுக்குள்ள போட்டோ எடுத்து அனுப்பணுமாம்" என்றார். பிறகு, "நீ பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டு வருகைப் பதிவேட்டைத் திறந்துகொண்டார்.

நான் அப்போது பழவேற்காட்டுப் பாலத்தைத் தாண்டி, கடலுக்கும் ஏரிக்கும் நடுவில் கிடக்கும் ஒரு மீனவர் குப்பத்தின் தொடக்கப் பள்ளியில் தற்காலிக ஆசிரியை. வீடு அனுப்பம்பட்டில். காலையில் மின்சார ரயிலைப் பிடித்துப் பொன்னேரி, அங்கிருந்து பேருந்தில் பழவேற்காடு, கடைசியாக ஷேர் ஆட்டோ. பள்ளிக்கு இரண்டு அறைகள். ஆசிரியர்களும் இரண்டே பேர். மூன்று, நான்கு, ஐந்தாம் வகுப்புகள் தலைமையாசிரியைக்கு. ஒன்றும் இரண்டும் எனக்கு. மொத்தம் ஒன்பது பிள்ளைகள். அதில் ஐந்து பேர் என்னிடம்.

ஒன்பது என்பது பயமுறுத்தும் எண். எண்ணிக்கை குறைந்த பள்ளிகளைப் பக்கத்து ஊர்ப் பள்ளியோடு சேர்த்துவிடுவார்கள் என்ற பேச்சு நான் வேலையில் சேர்ந்த நாளிலிருந்தே இருந்தது. சேர்த்துவிட்டால் என் வேலை போய்விடும். தினமும் காலை எட்டு மணிக்கு ஒரு தனியார் ஆங்கிலப் பள்ளியின் மஞ்சள் வேன் பாலத்தருகே வந்து நிற்கும். கழுத்தில் டை கட்டிய பிள்ளைகள் எங்கள் வாசலைத் தாண்டித்தான் அதைப் பிடிக்க ஓடுவார்கள். குப்பத்தில் பிள்ளைகள் இல்லாமல் இல்லை. எங்களிடம் இல்லை, அவ்வளவுதான்.

அதனால் அந்த உத்தரவு எனக்கு ஒரு வழி போலத் தெரிந்தது. வகுப்பறையை அழகாக்கிவிட்டால், தாய்மார்களைக் கூப்பிட்டுக் காட்டினால், நாலைந்து பேராவது ஜூனில் பிள்ளையைக் கொண்டுவந்து சேர்க்க மாட்டார்களா என்று கணக்குப் போட்டேன். தலைமையாசிரியையிடம் சொன்னபோது அவர் சிரிக்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. "செய். எப்படியும் போட்டோ அனுப்பித்தானே ஆகணும்" என்றார். ஓய்வு பெற அவருக்கு ஒரு வருடம்தான் மிச்சமிருந்தது.

உத்தரவோடு மாதிரிப் படங்களும் வந்திருந்தன. இலையே இல்லாமல் ரோஜா நிறப் பூக்கள் மட்டும் நிறைந்த மரங்கள். கிண்ணம் கவிழ்த்தாற்போல் சிவப்பும் மஞ்சளுமாகப் பூக்கள். அவற்றின் பெயர் எனக்குத் தெரியாது. கூடை வைத்திருக்கும் முயல்கள். கைபேசியைச் சுற்றி ஐந்து தலைகளும் முட்டிக்கொண்டன.

"வசந்தம்னா இன்னா டீச்சர்?" என்று கேட்டாள் ஒரு சிறுமி.

அவள் முதல் வகுப்பு. ஆறு வயது. முன்பற்கள் இரண்டும் விழுந்திருந்தன. முதல் வகுப்புப் பாடப் புத்தகத்தைப் பொங்கலுக்கு முன்பே முடித்துவிட்டு, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளின் புத்தகத்தைப் பிடுங்கி வாசித்துக்கொண்டிருந்தாள். வாசித்ததை அப்படியே வைத்துக்கொள்ள அவளுக்குத் தெரியாது. சத்துணவு சமைக்கும் அம்மாவிடம், வாசலில் வலை உலர்த்துபவரிடம், பூனையிடம், யாரிடமாவது கதையை முழுதாகச் சொல்லி முடித்தால்தான் அவளுக்குச் சோறு இறங்கும். எனக்கு வாய்த்த பிள்ளைகளிலேயே அவளைப் போல் ஒருத்தி இல்லை.

"குளிரெல்லாம் போயி, மரம் துளிர் விட்டுப் பூப்பூக்கிற காலம்" என்றேன்.

"எந்த மரம்?"

நான் ஜன்னல் வழியே பார்த்தேன். மணல். இரண்டு பனை. அதற்கப்பால் வேலிக்காத்தான் முள் புதர்.

"நம்மூர்ல வேலிக்காத்தான்தான் கீது டீச்சர். அது இப்ப மஞ்சளா பூத்துனு கீது. அத வெட்டி ஒட்டலாமா?"

"அது முள்ளும்மா. படத்துல அது இல்லையே" என்றேன்.

அவள் வெளியே ஒருமுறை பார்த்தாள். "சரி டீச்சர்" என்றாள். எதற்கும் எதிர்க்கேள்வி கேட்கிற பிள்ளை அவ்வளவு எளிதாக ஒப்புக்கொண்டது அப்போது எனக்குச் சௌகரியமாக இருந்தது.

காகிதம் வாங்கப் பழவேற்காட்டுக் கடைத்தெருவில் பாய் கடைக்குப் போனேன். நோட்டுப் புத்தகம் முதல் விளக்குத் திரி வரை எல்லாம் அங்கே கிடைக்கும். ரோஸ், வெள்ளை, பச்சை, மஞ்சள் என்று நான் கேட்கக் கேட்க அவர் சுருள்களை எடுத்து மேசைமேல் அடுக்கினார்.

"எத்தினி புள்ளைங்க உங்க ஸ்கூல்ல?"

"ஒன்பது."

"ஒம்பது புள்ளைங்களுக்கா இவ்ளோ பூ?" என்று கேட்டுவிட்டு, கேட்டிருக்கக் கூடாதோ என்று நினைத்தவர்போல், கொஞ்சம் கசங்கிய ஒரு சுருளைச் சும்மாவே சேர்த்து வைத்தார்.

அதற்குப் பிறகு வந்த மதியங்களைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை. இரண்டு கத்தரிக்கோல்தான் இருந்தன. முறை வைத்து வெட்டினார்கள். உள்ளங்கையைச் சாயத்தில் தோய்த்து அட்டையில் பதித்து, இரண்டு கைகளையும் சேர்த்து வண்ணத்துப்பூச்சி ஆக்கினார்கள். மீன் பெட்டியின் உடைந்த தெர்மாகோல் துண்டுகளை வீட்டிலிருந்து கொண்டுவந்தார்கள். எவ்வளவு கழுவினாலும் கவுச்சி போகவில்லை. அதில் நாங்கள் வெட்டிய முயல்களை வாசலில் காயவைத்தபோது பூனைகள் வந்து நக்கிக்கொண்டிருந்தன. இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன், முயல் கறி தின்னலாமா என்று கேட்டு அரை மணி நேரத்தைத் தின்றான். தலைமையாசிரியைகூட ஒருநாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்து, பச்சைக் காகிதத்தில் இருபது இலைகள் வெட்டிக் கொடுத்துவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை மாலை எல்லாவற்றையும் சுவரில் ஒட்டி முடித்தோம். நான் மைதா மாவில் பசை காய்ச்சி எடுத்துப் போயிருந்தேன். மேலே ஒட்டுநாடாவும் ஒட்டினேன். ஐந்து பேரும் எதிர்ச் சுவரில் சாய்ந்து நின்று பார்த்தார்கள். சிறுமி, "டீச்சர், நம்ம ரூம் மாரியே இல்ல" என்றாள்.

திங்கட்கிழமை கதவைத் திறந்தபோது எல்லாம் தரையில் கிடந்தன. அந்தப் பக்கத்துச் சுவர்களில் உப்புப் பூக்கும். வெள்ளையடித்த ஒரே மாதத்தில் பொருபொருவென்று வெள்ளை மாவாகக் கிளம்பி, தொட்டால் கொட்டும். நாடா உப்பைத்தான் பிடித்துக்கொண்டிருந்தது; உப்பு சுவரைப் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. மைதாப் பசை தடவிய இடங்களை எலி கடித்திருந்தது. ரோஸ் காகிதம் ஈரக் காற்றில் சாயம் விட்டுத் தரையெல்லாம் திட்டுத்திட்டாய் இருந்தது.

தலைமையாசிரியை எட்டிப் பார்த்தார். "சொல்லியிருக்கணும், மறந்துட்டேன். இந்தச் சுவத்துல எதுவும் நிக்காது" என்றார்.

பிள்ளைகள் நல்லதாக இருந்தவற்றைப் பொறுக்கி ஒரு மூலையில் சேர்த்தார்கள். அன்று முழுவதும் அந்தச் சிறுமி யாருக்கும் கதை சொல்லவில்லை.

மறுநாள் பத்து மணி வாக்கில் அவளுடைய அப்பா வந்தார். ஏரியிலிருந்து நேராக வந்திருப்பார் போல; முழங்கால் வரை சேறு காய்ந்திருந்தது. தோளில் ஒரு பழைய இறால் வலை, கையில் சுத்தியல். செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே வரத் தயங்கி நின்றார்.

"புள்ள ஊட்ல ஒரே அழுவ டீச்சர். பூவெல்லாம் கொட்டிப்போச்சுனு" என்றார். "எங்க ஊட்டுச் சுவுரும் இப்டித்தான். மேல ஆணி அடிச்சி வலைய மாட்டிடலாம். பூவ வலையில கட்டிட்டா கீழ வுழாது."

"வலை உங்களுக்கு வேணாமா?"

"இதுக்கு இப்ப வேல இல்ல டீச்சர். மொகத்துவாரம் மண்ணு மூடிக்கீது. கடத்தண்ணி உள்ள வந்தாத்தான் ஏரில எறாலு. எங்க வருது?"

பெஞ்சின்மேல் ஏறி, கூரைக்குச் சற்றுக் கீழே, செங்கல் உறுதியாக இருந்த இடங்களாகத் தட்டிப் பார்த்து ஆணி அடித்தார். வலை சுவர் முழுக்க விரிந்தது. பிள்ளைகள் பூவை எடுத்துக் கொடுக்க, நைலான் நூலால் ஒவ்வொன்றாக முடிந்தார். அவர் விரல்கள் முடிச்சுப் போடுவதை நான் கவனிப்பதற்குள் முடிச்சு விழுந்திருக்கும். சிறுமி அவர் காலடியிலேயே நின்று, "நைனா, இது மேல. இது முயலுக்குப் பக்கத்துல" என்று அதிகாரம் செய்தாள். அவர் அவள் சொன்ன இடத்திலேயே கட்டினார்.

இடைவேளை மணி அடித்துப் பிள்ளைகள் வெளியே ஓடினார்கள். அவர் மட்டும் கட்டிக்கொண்டே இருந்தார். கீழே நின்று நான் பூவை எடுத்துக் கொடுத்தேன்.

"டீச்சர், உங்களாண்ட ஒண்ணு சொல்லணும்" என்றார், திரும்பாமலே. "ஜூன்ல புள்ளய வேன் ஸ்கூல்ல போட்லாம்னு கீறோம்."

"ஏன்? நல்லாப் படிக்கிறாளே" என்றேன்.

"நல்லாப் படிக்குதுனுதான் டீச்சர்."

நான் பேச ஆரம்பித்தேன். வீடு வீடாகப் போய்ச் சொல்வதற்காகத் தயார் செய்து வைத்திருந்த பேச்சு அது. இங்கேயும் ஆங்கிலம் சொல்லித் தருகிறோம், ஐந்து பிள்ளைக்கு ஒரு டீச்சர் எங்கே கிடைக்கும், தாய்மொழியில் அடிப்படை நன்றாக விழுந்தால் பிறகு எதையும் பிடித்துக்கொள்ளலாம், காலையிலும் மதியமும் சூடான சாப்பாடு. அவர் முடிச்சை இழுத்து இறுக்கினார்.

"அவங்க அம்மா சொல்லுது, இங்க படிச்சா கடைசில ஏரிக்குத்தான் வரணும், ஏரில இன்னா கீதுனு. நான் இன்னா சொல்ல?" என்றார். பிறகு, சாதாரணமாக, ஊரில் மழை உண்டா என்று கேட்பதுபோலக் கேட்டார். "உங்க புள்ள எங்க படிக்குது டீச்சர்?"

பொய் சொல்லியிருக்கலாம். அவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை.

"பொன்னேரில" என்றேன். "இங்கிலீஷ் மீடியம்."

"வேன்ல போவுதா?"

"ஆமா."

"அதான்" என்றார்.

அவர் குரலில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் நான் கோபப்பட்டிருப்பேன். வழி கேட்டவருக்குப் பதில் கிடைத்துவிட்ட மாதிரி தலையை ஆட்டிவிட்டு, அடுத்த பூவுக்காகக் கையை நீட்டினார். நான் கொடுத்தேன். மீதிப் பூக்களையும் அப்படியே கட்டி முடித்தார்.

அவர் போன பிறகு சிறுமியைக் கூப்பிட்டு, மிச்சமிருந்த மஞ்சள் காகிதத்தைக் கொடுத்தேன். "வேலிக்காத்தான் பூ பண்ணலாம்னியே, பண்ணு" என்றேன். அவளுக்கு நம்ப முடியவில்லை. "படத்துல இல்லியே டீச்சர்" என்றாள். "பரவால்ல" என்றேன். காகிதத்தை நார் நாராகக் கத்தரித்துக் குச்சியில் சுற்றி, நீளமாய் நான்கு பூக்கள் செய்து வலையின் கீழ் ஓரத்தில், தனக்கு எட்டும் உயரத்தில் தானே கட்டினாள். நான் அதைச் செய்தது பெருந்தன்மையால் அல்ல. அவள் போகப்போகிறாள் என்பது அவளுக்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது, அதனால் செய்தேன்.

புகைப்படத்துக்கு முன்பாக, கல்வி அலுவலகத்திலிருந்து மேற்பார்வைக்கு ஒருவர் வந்தார். சுவரைப் பார்த்து, "நல்லாதான் இருக்கு. வலை எதுக்கும்மா? அழுக்காத் தெரியுது. கிட்டப் போய் பூவ மட்டும் எடுங்க" என்றார். கீழே குனிந்து, "இது என்ன, கம்பளிப்பூச்சியா?" என்று கேட்டார்.

"பூவு சார்" என்றாள் சிறுமி. "வேலிக்காத்தான் பூவு. இப்ப பூத்துனு கீது. வேணும்னா வந்து பாருங்க."

அவர் சிரித்தார். பிறகு என் வகுப்பில் ஐந்து, அடுத்த அறையில் நான்கு என்று தலைகளை எண்ணி, ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனார். நான் கிட்டப் போய்ப் பூக்களை மட்டும் படம் எடுத்து அனுப்பினேன். அடுத்த ஐந்து நிமிடத்தில் வாட்ஸ்அப் குழுவில் வேறு பள்ளிகளின் படங்கள் வரிசையாக வந்து எங்கள் படத்தை மேலே தள்ளிவிட்டன. எல்லாப் பள்ளிகளிலும் அதே ரோஸ் மரங்கள், அதே முயல்கள்.

ஏப்ரலில் தாய்மார்களை அழைத்தேன். பதினெட்டு வீடுகளுக்குப் போய்ச் சொன்னேன். மூன்று பேர் வந்தார்கள். இருவர் ஏற்கெனவே எங்களிடம் படிக்கும் பிள்ளைகளின் அம்மாக்கள். மூன்றாவது பெண் ஜூனில் ஐந்து வயது நிறையப்போகும் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்திருந்தார். மூத்த மகள் வேன் பள்ளியில் படிக்கிறாள். சின்னதை இங்கே சேர்த்துவிட மாட்டாரா என்று நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். சுவர் முன்னால் வெகுநேரம் நின்றார். குழந்தை முயலின் காதைத் தொட்டது.

"ரொம்ப ஜோரா கீது டீச்சர்" என்றார். "நீங்களா பண்ணீங்க?"

"புள்ளைங்க பண்ணாங்க. நான் சொல்லிக் குடுத்தேன்."

"பெரியவளுக்கு ஸ்கூல்ல இதே மாரி ஒரு சார்ட் பண்ணி எட்த்துனு வரச் சொல்லிக்கீறாங்க. ஸ்பிரிங்னு. எனக்கு ஒண்ணும் புரியல. நீங்க ஒண்ணு பண்ணிக் குடுக்குறீங்களா?"

மறுக்கத் தோன்றவில்லை. செய்து கொடுத்தால் இன்னொரு முறை வருவார், பேச வாய்ப்புக் கிடைக்கும் என்று நினைத்தேன். இரண்டு நாள் மதிய இடைவேளையில் உட்கார்ந்து செய்தேன். கசங்காத காகிதமாகத் தேடி எடுத்தேன். ஒரு வாரம் கழித்து ஒரு பையில் கடல் இறாலோடு அவர் வாசலில் வந்து நின்றார். மகளுடைய சார்ட்டுக்கு முதல் பரிசு கொடுத்தார்களாம். அவர் முகத்தில் அத்தனை சந்தோஷம். சின்னக் குழந்தையைப் பற்றிக் கேட்டேன். "அதுக்கும் அங்கயே எழுதிக் குடுத்துட்டோம் டீச்சர். அக்காகூடவே போய்டும்" என்றார்.

அன்று மாலை தலைமையாசிரியையிடம் சொன்னேன். அவர் பையைத் திறந்து பார்த்துவிட்டு, "இறாலக் கெடுத்துடாத. ரயில்ல நாறும். இங்கயே கழுவி உப்பு போட்டு எடுத்துட்டுப் போ" என்றார்.

ஜூனில் பள்ளி திறந்தபோது நான்கு பேர் வந்தார்கள். ஐந்தாம் வகுப்பை முடித்தவர்கள் போய்விட்டார்கள். இரண்டு வீட்டுக்காரர்கள் கேரளத்துப் பக்கம் படகு வேலைக்குக் குடும்பத்தோடு போயிருந்தார்கள். சிறுமி வரவில்லை. ஒரு காலையில் ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கும்போது வேனுக்கு நின்றிருந்தவளைப் பார்த்தேன். தலையை இறுக்கிப் பின்னி, டை கட்டி, பாலத்துக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என்னைப் பார்த்ததும் ஓடிவரப் பார்த்தாள். வேன் வந்துவிட்டது.

ஜூலையில் உத்தரவு வந்தது. நான்கு பிள்ளைகளையும் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கு மாற்றினார்கள். தலைமையாசிரியையை வேறு இடத்துக்கு அனுப்பினார்கள். என்னை அனுப்ப இடம் இல்லை. கடைசி நாளில் பெஞ்சுகளை ஏற்றிப்போக வண்டி வந்தது. சுவரில் இருந்ததை எடுக்கவா வேண்டாமா என்று வண்டிக்காரர் கேட்டார். நான் பதிவேட்டுக் கட்டைத் தூக்கி வண்டியில் வைத்தேன். அவர் எடுக்கவில்லை.

புரட்டாசியில் பழைய வேலைச் சான்றிதழில் ஒரு கையெழுத்துக்காகப் பழவேற்காடு போக வேண்டியிருந்தது. திரும்பும்போது பேருந்து நிலையத்தில் சிறுமியின் அம்மாவைப் பார்த்தேன். மீன் விற்றுவிட்டு, காலி அலுமினியப் பாத்திரத்தைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து நின்றார்.

"பாப்பா எப்படி இருக்கா?" என்று கேட்டேன்.

"யு.கே.ஜி.ல போட்டுட்டாங்க டீச்சர். இங்கிலீஷ் எழுத்து வரலயாம். ஏழு வயசு ஆவப்போவுது. சின்னச் சின்னப் புள்ளைங்களோட உக்காந்துனு கீது."

"அங்க பேசுறாளா?"

"வாயே தொறக்கறதில்லனு மிஸ்ஸு சொல்றாங்க. தமிழ்ல பேசக் கூடாதாம், இங்கிலீஷு அதுக்கு வராது. அப்பால இன்னா பேசும்?" அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஊட்டுக்கு வந்தாலும் சும்மா உக்காந்துனு கீது டீச்சர். பொஸ்தகத்த எடுக்கறதில்ல. நைனாவாண்டகூடப் பேசறதில்ல. நீங்க சொன்னா கேக்கும். வாரத்துல ஒரு நா வந்து கொஞ்சம் இங்கிலீஷ் சொல்லிக் குடுத்தீங்கன்னா..."

"பாக்கறேன்" என்றேன்.

அந்தப் பள்ளி கேட்கிற ஆங்கிலம் எனக்கும் வராது. என் உச்சரிப்பை என் மகனே வீட்டில் திருத்துகிறான். அவரிடம் இதைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பேருந்து வந்ததும் என் கைபேசி எண்ணைக் கேட்டார், கொடுத்துவிட்டு ஏறிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு மூன்று முறை கூப்பிட்டார். முதல் முறை, மகனுக்குத் தேர்வு நடக்கிறது, முடியட்டும் என்றேன். இரண்டாம் முறை, மழை நிற்கட்டும் என்றேன். மூன்றாம் முறை அடித்தபோது சோறு வடித்துக்கொண்டிருந்தேன். கை ஈரமாக இருந்தது. துடைத்துவிட்டு எடுக்க நேரம் இருந்தது. கைபேசி ஓயும் வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.